தமையனின் உளியும் தம்பியின் அளவுகோலும்: பாசடீனாவின் மரவீடுகள் பிறந்த வரலாறு

மரவேலையின் வரலாற்றைத் தனித்தனிக் கலைஞர்களின் வரலாறாக எழுதும் வழக்கம் பிற்காலத்தது. பட்டறைகளின் உண்மை நிலையைப் பார்த்தால், அது பெரும்பாலும் குடும்பங்களின் வரலாறாகவும், அவற்றுள்ளும் உடன்பிறந்தோரின் வரலாறாகவுமே அமைந்திருக்கிறது. இருவர் இருபுறமும் நின்று இழுக்கும் பெரிய வாளின் ஒரு முனையைத் தமையன் பிடிக்க, மறுமுனையைப் பிடித்தே தம்பி தொழிலுக்குள் நுழைந்தான். அமெரிக்காவின் நியூபோர்ட் நகரில் 18ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற டவுன்செண்ட் குடும்பத்துப் பேழைகளும் மேசைகளும் ஜோப், கிறிஸ்டோபர் என்னும் இரு சகோதரர்களிடமிருந்து தொடங்கிய மரபின் விளைவுகள். இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் குன்றுப்பகுதியில் 1890களில் குடியேறி, கையால் செய்யும் மரவேலைக்குப் புத்துயிர் அளித்தவர்களுள் எர்னஸ்ட் பார்ன்ஸ்லியும் அவருடைய தம்பி சிட்னி பார்ன்ஸ்லியும் முதன்மையானவர்கள். இவ்வரிசையில், தமையனின் மரக்காதல் எவ்வாறு பிறர் கைகளின் துணையால் நிலைபெற்றது என்பதை மிகத் தெளிவாகக் காட்டும் சான்று, கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் பணியாற்றிய கிரீன் சகோதரர்களின் வாழ்வும் பணியும் ஆகும்.

மூத்தவரான சார்லஸ் சம்னர் கிரீன் 1868 அக்டோபர் 12 அன்றும், இளையவரான ஹென்றி மேதர் கிரீன் 1870 ஜனவரி 23 அன்றும் ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரை ஒட்டிய பிரைட்டனில் பிறந்தனர். இருவருக்கும் இடையே வயது வேறுபாடு பதினைந்து மாதங்களே என்றாலும், இயல்பு வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தது. சார்லஸ் ஓவியத்திலும் கவிதையிலும் ஒளிப்படக்கலையிலும் மனம் தோய்ந்தவர். ஒரு பொருளின் மேற்பரப்பு, நிழல், விளிம்பு ஆகியவற்றைக் கண்ணாலும் விரலாலும் அறிய விரும்பியவர். ஹென்றியோ ஒழுங்கும் துல்லியமும் உடையவர். ஒரு கட்டமைப்பு எத்தனை சுமை தாங்கும், ஒரு வரைபடத்தின் கோடு அடுத்த கோட்டை எங்கே சந்திக்கும் என்பதில் கருத்தைச் செலுத்தியவர். இவ்விருவரையும் கட்டடக்கலைக்கு அனுப்பியது அவர்களுடைய தந்தையின் முடிவு; கலைஞனாக வாழ விரும்பிய மூத்தவர் அம்முடிவுக்கு இணங்கினாரேயன்றி, தாமாக அதைத் தேர்ந்தெடுத்தவர் அல்லர்.

சகோதரர்களின் வாழ்வில் மரம் நுழைந்த இடம் பள்ளிக்கூடம். குடும்பம் செயின்ட் லூயிஸ் நகருக்குக் குடிபெயர்ந்த பின், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து கால்வின் மில்டன் உட்வர்டு என்னும் கணிதப் பேராசிரியர் 1879இல் நிறுவிய கைத்தொழிற் பயிற்சிப் பள்ளியில் இருவரும் சேர்க்கப்பட்டனர். கைத்தொழிற் பயிற்சி என்பது மாணவனைத் தச்சனாகவோ கொல்லனாகவோ ஆக்கும் தொழிற்கல்வி அன்று. கணிதம், மொழி, அறிவியல், வரைகலை ஆகியவற்றோடு கருவிகளைக் கையாளும் பயிற்சியையும் சேர்த்துக் கற்பித்து, அறிவையும் கையையும் ஒருங்கே வளர்ப்பது அதன் நோக்கம். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த பொருட்காட்சியில் மாஸ்கோ தொழில்நுட்பப் பள்ளி தன் பயிற்சி முறையைக் காட்சிக்கு வைத்தபோது அமெரிக்கக் கல்வியாளர்களிடையே எழுந்த ஆர்வம் இத்தகைய பள்ளிகளுக்கு உரமாயிற்று. உட்வர்டின் பாடத்திட்டத்தில் முதலாண்டு மரவேலைக்கும், இரண்டாமாண்டு உலோக வேலைக்கும், மூன்றாமாண்டு இயந்திரக் கருவிகளுக்கும் உரியது. நாள்தோறும் சில மணி நேரம் மாணவர்கள் பட்டறையில் நின்று அறுத்தும் இழைத்தும் செதுக்கியும் பழகினர். மரத்தின் இழையோட்டத்தை எதிர்த்து இழைப்புளியைத் தள்ளினால் பரப்பு பிய்ந்துபோகும் என்பதையும், ஈரம் உலரும் மரம் குறுக்குவாட்டில் சுருங்கும் என்பதையும் நூலில் படிப்பதற்கு முன்பே கையால் அறிந்தவர்கள் பிற்காலத்தில் வீடுகளை வடிவமைத்தபோது, அவ்வறிவு ஒவ்வொரு மூட்டிலும் வெளிப்பட்டது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1888இல் இருவரும் ஒன்றாகவே பாஸ்டனுக்குச் சென்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலைப் பயிற்சி பெற்றனர். கிரேக்க, ரோமானியத் தூண்களின் விகிதங்களை மனனம் செய்து, பழைய பாணிகளைப் பிழையின்றி நகலெடுக்கக் கற்பித்த அக்காலப் பாடமுறை சார்லஸின் உள்ளத்தைக் கவரவில்லை. பயிற்சிக்குப் பின் பாஸ்டன் நிறுவனங்களில் சில காலம் பணிபுரிந்த சகோதரர்கள், உடல்நலம் கருதித் தென் கலிபோர்னியாவின் மிதமான தட்பவெப்பத்தை நாடிப் பாசடீனாவுக்குக் குடியேறியிருந்த பெற்றோரைக் காண 1893இல் புறப்பட்டனர். அவ்வாண்டு சிக்காகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில், ஜப்பானிலிருந்து வந்த தச்சர்களே எழுப்பிய ஹோ-ஓ-டென் என்னும் மரமண்டபம், கட்டமைப்பை மறைக்காமல் அதையே அழகாக்கும் மரவேலையை அமெரிக்கர் பலருக்கு முதன்முதலாகக் காட்டியது. வழியில் அப்பொருட்காட்சியைக் கண்டு சென்ற சகோதரர்கள் பாசடீனாவிலேயே தங்கிவிட, 1894இல் கிரீன் அண்டு கிரீன் என்னும் நிறுவனம் தொடங்கியது.

முதற்சில ஆண்டுகளின் வீடுகளில் பிற்காலப் பெருமையின் சாயல் குறைவாகவே தென்படுகிறது. வாடிக்கையாளர் கேட்ட பாணியில் அவர்கள் கேட்ட வீடுகளைச் சகோதரர்கள் கட்டிக்கொடுத்தனர். 1901இல் சார்லஸ், ஆங்கிலேயரான ஆலிஸ் ஒயிட்டை மணந்து, இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் பயணம் சென்று திரும்பியது ஒரு திருப்பமாக அமைந்தது. இயந்திரம் பெருக்கிய மலிவான பொருள்களுக்கு மாற்றாக, பொருளின் இயல்புக்கு உண்மையாகவும் செய்பவனின் கைத்திறனுக்கு மதிப்பளித்தும் வேலை நடைபெற வேண்டும் என்று வில்லியம் மாரிஸ் முதலியோர் முன்னெடுத்த கலை-கைவினை இயக்கம் அப்போது இங்கிலாந்தில் வலுப்பெற்றிருந்தது. அமெரிக்காவில் குஸ்தவ் ஸ்டிக்லி தம் இதழின் வழியாகவும் எளிய ஓக் மர இருக்கைகளின் வழியாகவும் அதைப் பரப்பிக்கொண்டிருந்தார். பங்களா என்று வழங்கும் வீட்டுவகை, அதாவது தாழ்ந்த கூரையும் அகன்ற இறவாரமும் திறந்த தாழ்வாரமும் கொண்டு வெயிலுக்கு நிழலும் காற்றுக்கு வழியும் தரும் வீடு, கலிபோர்னியாவின் தட்பவெப்பத்துக்குப் பொருந்தியதால், சகோதரர்கள் இந்த வடிவத்தையே தம் ஆய்வுக்களமாகக் கொண்டனர்.

ஜப்பானிய மரபின் மீது சார்லஸுக்கு இருந்த ஈடுபாடு ஆண்டுதோறும் ஆழமாயிற்று. ஜப்பானியரின் வீடுகளைப் படங்களுடன் விளக்கி எட்வர்டு மோர்ஸ் எழுதிய நூல் அவரிடம் இருந்தது. 1904இல் லாங் பீச் நகரில் அடிலெய்டு டிச்னர் என்னும் பெண்மணிக்கு வீடு வடிவமைத்துக்கொண்டிருந்தபோது, செயின்ட் லூயிஸில் அவ்வாண்டு நடந்த பொருட்காட்சியைச் சென்று காணுமாறு அவர் வற்புறுத்தியதை ஏற்று, சார்லஸ் அங்குச் சென்று ஜப்பானியக் கட்டடங்களையும் தோட்டங்களையும் கண்டுவந்தார். இருப்பினும், சகோதரர்களின் வீடுகளை ஜப்பானிய வீடுகளின் நகல் என்று கொள்வது பொருந்தாது. உத்தரங்களின் முனைகள் கூரைக்கு வெளியே நீண்டு தெரிவது, மூட்டுகள் மறைக்கப்படாமல் காட்டப்படுவது, தோட்டமும் வீடும் ஒன்றையொன்று தொடர்வது ஆகிய கொள்கைகளை அங்கிருந்து பெற்று, அமெரிக்கக் குடும்பத்தின் வாழ்க்கை முறைக்கும் கலிபோர்னியாவில் கிடைத்த செம்மரத்துக்கும் ஏற்ப அவற்றை அவர்கள் மாற்றியமைத்தனர்.

1904க்குப் பின் இருவரின் பணிப்பகிர்வும் தெளிவான வடிவம் பெற்றது. அறைகலன்கள், விளக்குகள், வண்ணக்கண்ணாடிகள், கதவுகளின் கைப்பிடிகள் ஆகியவற்றின் வடிவங்களைப் பெரும்பாலும் சார்லஸ் உருவாக்கினார்; அவ்வடிவங்கள் நிற்கக்கூடியவையா, எத்தனை அங்குல மரம் தேவை, எந்த வரிசையில் வேலை நடக்க வேண்டும் என்பவற்றை ஹென்றி ஒழுங்குபடுத்தி, வரைபடங்களையும் அலுவலகத்தையும் கணக்குகளையும் பேணினார். சார்லஸ் வேலைத்தளத்திலும் பட்டறையிலும் நெடுநேரம் நின்று, மனத்துக்கு நிறைவு தராத வேலையைப் பிரிக்கச் செய்வதும், தாமே கருவியை எடுத்து ஒரு விளிம்பை எவ்வளவு மழுக்க வேண்டும் என்று செய்துகாட்டுவதும் உண்டு. மரத்தின் மீது தமையன் கொண்ட இந்தப் பற்று, கால அட்டவணையையும் செலவுக் கணக்கையும் கடந்து செல்லும் தன்மையுடையது. அதைக் கட்டடமாக நிறைவேற்றும் பொறுப்பு தம்பியிடம் இருந்தது. ஆகையால், எந்த வீட்டின் எந்தப் பகுதி யாருடையது என்று கூறுபோடும் முயற்சிகள் ஓர் எல்லைக்குமேல் பயன் தருவதில்லை.

கிரீன் சகோதரர்களின் வடிவங்களை மரமாக்கியவர்களும் ஒரு சகோதர இணையே என்பது இவ்வரலாற்றின் சிறப்புக் கூறு. சுவீடனில் பிறந்து, இளமையிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்த பீட்டர் ஹால், பாசடீனாவில் மாடிப்படி வேலைக்குப் பெயர்பெற்ற தச்சராக இருந்து ஒப்பந்ததாரராக உயர்ந்தவர். அவருடைய மூத்த சகோதரர் ஜான் ஹால், வீட்டைக் கட்டும் வேலையைக் காட்டிலும் இருக்கை, மேசை, பேழை ஆகிய நுண்ணிய மரவேலையில் தேர்ந்தவர். பாசடீனாவில் பீட்டர் அமைத்த பட்டறையில், கட்டுமானத்தைத் தம்பியும் அறைகலன் வேலையைத் தமையனும் மேற்பார்த்தனர். சுவீடனிலிருந்து வந்த தச்சர்கள் பலர் அவர்களிடம் பணிபுரிந்தனர். வடிவமைப்போர் இணையிலும் செய்வோர் இணையிலும் நுண்வேலைப் பற்று மூத்தவரிடமும் நிர்வாகத் திறன் இளையவரிடமும் அமைந்தது தற்செயலே எனினும், அதன் பயன் பெரிது. சார்லஸின் வரைபடத்தில் ஒரு வளைவு எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பது எண்ணால் குறிக்கப்படாதபோதும், ஜான் ஹாலின் பட்டறை அதைச் சரியாகப் புரிந்துகொண்டது. வடிவமைப்பவரும் செய்பவரும் பல ஆண்டுகள் ஒரே மேசையருகே நின்று பேசிப் பழகியதால் விளைந்த புரிதல் அது.

1907 முதல் 1911 வரையிலான ஆண்டுகள் இக்கூட்டு உழைப்பின் உச்சம். ராபர்ட் பிளாக்கர், டேவிட் கேம்பிள் ஆகியோருக்குப் பாசடீனாவிலும், சார்லஸ் பிராட்டுக்கு ஓஹாய் பள்ளத்தாக்கிலும், வில்லியம் தோர்சனுக்குப் பெர்க்லியிலும் எழுந்த வீடுகள் இக்காலத்தவை. பிளாக்கரும் தோர்சனும் மர வணிகத்தில் செல்வம் சேர்த்தவர்கள் என்பதும், அவர்களுடைய மனைவியரான நெல்லியும் கரோலைனும் உடன்பிறந்த சகோதரிகள் என்பதும் குறிப்பிடத்தக்கவை. நல்ல மரத்தின் மதிப்பை அறிந்த வாடிக்கையாளர்கள் கிடைத்ததால்தான் அத்தகைய வேலைக்கு வேண்டிய பொருளும் பொறுமையும் கிடைத்தன. சோப்பு உற்பத்தியால் உலகறிந்த பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தாரின் குடும்பத்தைச் சேர்ந்த டேவிட் கேம்பிளுக்குக் குளிர்கால இல்லமாக 1908இல் கட்டத் தொடங்கிய வீடு, கட்டடமும் அறைகலன்களும் விளக்குகளும் ஒரே மனத்தின் விளைவாக, பெரிதும் சிதையாமல் இன்றுவரை நிலைத்திருப்பதால், சகோதரர்களின் பணியை ஆராய்வோருக்கு முதன்மைச் சான்றாக விளங்குகிறது.

அவ்வீட்டின் நுழைவாயிலில் எமில் லாங்கின் பட்டறை செய்த வண்ணக்கண்ணாடியில் ஓர் ஓக் மரம் கிளைபரப்பி நிற்கிறது. காலை வெயில் அதன் வழியே விழும்போது உள்ளிருக்கும் தேக்குப் பரப்புகள் பொன்னிறம் கொள்கின்றன. கூடத்திலிருந்து மேலே செல்லும் மாடிப்படியே தச்சுவேலையின் தரத்தை அறிய ஏற்ற இடம். பொதுவான படிக்கட்டுகளில் பலகைகள் சேரும் இடத்தைப் பட்டிகளால் மூடிவிடுவது வழக்கம். இங்கே ஒரு பலகையின் முனை அடுத்த பலகைக்குள் விரல்களைக் கோத்ததுபோல் புகுந்து நிற்பது வெளிப்படையாகத் தெரிகிறது. கைப்பிடிச் சட்டம் படியோடு படியாக மேலேறுகிறது. அதன் ஒவ்வோர் ஓரமும் மழுக்கப்பட்டிருப்பதால், தடவிச் செல்லும் விரலுக்கு எந்த இடத்திலும் கூர்மை தட்டுவதில்லை. வரவேற்பறையின் சுவரில், மேற்பகுதியில் ஓடும் செம்மரப் பலகைகளில் மரங்களும் பறவைகளும் மிகத் தாழ்ந்த புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. மரத்தின் இயற்கையான இழையோட்டமே மலைக்கும் மேகத்துக்கும் கோடுகளாகும்படி பலகைகள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன.

அறைகலன்களில் இரண்டு நுட்பங்கள் தனியே விளக்கத் தக்கவை. முதலாவது, மேசையின் மேற்பலகை சார்ந்தது. பல பலகைகளை அகலவாட்டில் ஒட்டிச் செய்யும் மேற்பலகை, மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி விரியும்; வறண்ட காலத்தில் சுருங்கும்; இந்த அசைவு அகலத்தில் மிகுதியாகவும் நீளத்தில் மிகக் குறைவாகவும் இருக்கும். பலகை வளையாமல் காக்க இருமுனைகளிலும் குறுக்காக ஒரு சட்டத்தைப் பொருத்துவது பழைய முறை. ஆனால் சட்டத்தை அசையாதபடி ஒட்டிவிட்டால், விரிய இடமில்லாத பலகை நாளடைவில் பிளந்துபோகும். ஆகவே, கிரீன்-ஹால் பட்டறையில் சட்டத்தின் நடுப்பகுதி மட்டும் இறுக்கப்பட்டு, ஏனைய திருகாணிகள் நீள்வடிவத் துளைகளில் விடப்பட்டன; பலகை அசையும்போது திருகாணியும் துளைக்குள் நகர்ந்து இடம் கொடுத்தது. துளைகளின் வாயைச் சதுரமான கருங்காலி முளைகள் மூடின. சட்டமும் பலகையும் சேரும் ஓரத்தில் செருகிய கருங்காலித் துண்டு, ஒருபுறம் மட்டும் ஒட்டப்பட்டு மறுபுறம் வழுக்கி நகர விடப்பட்டது. பார்ப்பவருக்கு அணியாகத் தோன்றும் அக்கருப்புச் சதுரங்கள், மரத்தின் இயல்புக்கு இணங்கிய ஒரு தொழில்நுட்பத்தின் வெளித்தோற்றமே ஆகும்.

இரண்டாவது, ஆய்வாளர்கள் மேக எழுச்சி என்று பெயரிட்டுள்ள வடிவம். சீன அறைகலன்களிலிருந்து வந்த இது, கிடைமட்டமாகச் செல்லும் ஒரு கோடு திடீரென்று இரு மெல்லிய வளைவுகளால் ஒரு படி உயர்ந்து, மீண்டும் கிடைமட்டமாகத் தொடர்வதைக் குறிக்கும். நாற்காலியின் குறுக்குச் சட்டத்திலும் கதவின் நடுச் சட்டத்திலும் சன்னலின் மேற்சட்டத்திலும் இதே எழுச்சி திரும்பத் திரும்ப வருவதால், வீட்டின் பெரிய உறுப்பும் சிறிய உறுப்பும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்னும் உணர்வு உண்டாகிறது. கருங்காலி முளைகளும் பலகையின் மட்டத்தோடு நின்றுவிடாமல், மயிரிழையளவு மேலே எழும்பி, ஓரங்கள் மழுக்கப்பட்டுப் பளபளப்பாக்கப்பட்டுள்ளன. அளவிலும் அவை ஒன்றுபோல் இராமல், இடத்துக்கேற்பப் பெருகியும் குறுகியும் அமைகின்றன. இந்நுணுக்கங்களில் எதையும் இயந்திரத்தால் மட்டும் செய்து முடிக்க இயலாது. இயந்திர வாளால் அறுத்த துண்டு ஒவ்வொன்றும் இறுதியில் ஒரு தச்சரின் கையால் தேய்த்து நிறைவு பெற்றது.

கேம்பிள் வீட்டின் கூடத்தில் பயன்படுத்தப்பட்ட தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்பது, தமிழ் வாசகருக்கு அறிமுகமான ஒரு வணிக வரலாற்றோடு இவ்வீட்டை இணைக்கிறது. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆதலால் பர்மியக் காடுகளில் மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் உலரவிட்டு, பின்னர் வீழ்த்தி, யானைகளால் ஓடைகளுக்கு இழுத்துவந்து, மழைக்கால வெள்ளத்தில் மிதக்கவிட்டு இரங்கூனின் மர ஆலைகளுக்குக் கொண்டுசேர்த்தனர். அந்நகரின் ஆலைகளிலும் துறைமுகத்திலும் தென்னிந்தியத் தொழிலாளர் ஏராளமாக உழைத்தனர். அதே காலத்தில் பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், காரைக்குடியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் எழுப்பிய பெருவீடுகளின் தூண்களுக்கும் கதவுகளுக்கும் பர்மாத் தேக்கையே தருவித்தனர். ஆகவே, செட்டிநாட்டு வளவில் நிற்கும் தூணும் பாசடீனாவின் மாடிப்படியும் ஒரே நாட்டின் காடுகளில் வேர்கொண்டவை. முன்னதில் திரண்ட உருளை வடிவமும் நிலைக்கதவின் அடர்ந்த செதுக்கலும் செல்வத்தையும் மங்கலத்தையும் காட்ட, பின்னதில் அதே தேக்கு தன் மூட்டுகளையும் இழையோட்டத்தையும் வெறுமையாகக் காட்டி நிற்கிறது.

பெருமையை யாருக்கு உரித்தாக்குவது என்னும் கேள்வி அக்காலத்திலேயே ஒரு வடிவம் பெற்றிருந்தது. 1910ஆம் ஆண்டையொட்டி, சில அறைகலன்களின் மறைவான பகுதியில், இது சம்னர் கிரீனின் உண்மை அடையாளம் என்னும் பொருள்படும் முத்திரை சுடப்பட்டது. அதில் மூத்தவரின் பெயர் மட்டுமே உண்டு. ஹென்றியின் பெயரோ ஹால் சகோதரர்களின் பெயரோ இல்லை. வடிவத்தைக் கற்பனை செய்தவரைப் படைப்பாளியாகவும் மற்றவர்களை உதவியாளராகவும் கருதிய கால மனப்பான்மையின் வெளிப்பாடாகவே இதைக் கொள்ள வேண்டும். 1909இல் கலிபோர்னியாவுக்கு வந்த ஆங்கிலக் கைவினை இயக்கத் தலைவர் சி. ஆர். ஆஷ்பி, சார்லஸோடு பட்டறைகளைச் சுற்றிப் பார்த்து, தாம் கண்ட அமெரிக்க வேலைகளுள் அவற்றை மிக உயர்ந்த இடத்தில் வைத்துப் பாராட்டினார். அவர் கண்டது ஒரு மனிதரின் கற்பனையையும், அதைத் தாங்கி நின்ற பலரின் கைகளையும் ஒருங்கே ஆகும்.

உச்சம் நெடுநாள் நீடிக்கவில்லை. இத்தகைய வீட்டுக்கு ஆகும் செலவும் காலமும் மிகுதி என்பதால், அவற்றை விரும்பும் செல்வர்களின் எண்ணிக்கை எப்போதும் சிறிதாகவே இருந்தது. 1913இல் அமெரிக்காவில் கூட்டரசு வருமான வரி நடைமுறைக்கு வந்தது; அடுத்த ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது; 1915இல் சான் டியேகோவில் நடந்த பொருட்காட்சிக்குப் பின், வெண்சுண்ணச் சுவரும் செந்நிற ஓடும் கொண்ட எஸ்பானிய பாணி வீடுகளின் மீது கலிபோர்னியர்களின் நாட்டம் திரும்பியது. மரத்தின் மூட்டுகளைக் காட்டும் வீடு பழம்பாணியாகக் கருதப்பட்டது. சார்லஸோ தம் வேலையின் தரத்தைக் குறைத்து விரைவாக முடிக்கும் வழியை ஏற்கவில்லை. 1916இல் அவர் குடும்பத்தோடு கடற்கரைச் சிற்றூரான கார்மலுக்குக் குடிபெயர்ந்தார். தமையன் விலகிய பின்னரும் பாசடீனா அலுவலகத்தைத் தம்பி நடத்திவந்தார். 1922இல் நிறுவனம் முறைப்படி கலைக்கப்பட்டது.

பிரிவுக்குப் பின் இருவரும் சென்ற வழிகள், இணைந்திருந்தபோது ஒவ்வொருவரும் எதைக் கொடுத்தனர் என்பதை அறிய உதவுகின்றன. சார்லஸ், கார்மலுக்குத் தெற்கே கடற்பாறையின் மேல் டி. எல். ஜேம்ஸ் என்னும் எழுத்தாளருக்காக 1918இல் தொடங்கிய கல்வீட்டில், சுவர் எது பாறை எது என்று பிரித்தறிய முடியாதவாறு ஒவ்வொரு கல்லையும் அருகிருந்து பொருத்தச் செய்தார். அதற்கு ஆண்டுகள் பல பிடித்தன. தமக்கென ஒரு கலைக்கூடம் அமைத்துக்கொண்டு, உளியைத் தாமே ஏந்தி மரப்பலகைகளில் செதுக்கினார். எழுத்திலும் கீழைநாட்டு மெய்யியலிலும் ஈடுபாடு கொண்டு, பணிகள் அருகிய நிலையிலும் அமைதியாக வாழ்ந்தார். ஹென்றி தனியே கட்டியவற்றுள், 1929இல் போர்ட்டர்வில் ஊரருகே ஒரு பண்ணைக் குடும்பத்துக்காக மண்ணால் செய்த செங்கற்களைக் கொண்டு எழுப்பிய ரிச்சர்ட்சன் வீடு, எளிமையும் ஒழுங்கும் நிறைந்தது. தச்சுவேலை அங்கும் உண்டு, ஆனால் அது கட்டமைப்பின் தேவைக்கு மேல் ஓர் அங்குலமும் செல்வதில்லை. எல்லையின்றி விரிந்த பற்றும் அதற்கு வரம்பு கட்டிய ஒழுங்கும் ஒன்றாக இருந்த ஆண்டுகளிலேயே பெருவீடுகள் பிறந்தன என்பதை இவ்விரு தனிப்பணிகளும் உறுதிப்படுத்துகின்றன.

மறக்கப்பட்டிருந்த சகோதரர்களை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஜீன் மரே பாங்ஸ் என்னும் எழுத்தாளர். 1940களில் அவர் அவ்வீடுகளைத் தேடிச் சென்று, வரைபடங்களைத் திரட்டி, கட்டடக்கலை இதழ்களில் எழுதினார். புதிய தலைமுறைக் கட்டடக்கலைஞர்கள் தாங்கள் நாடிய கட்டமைப்பு நேர்மைக்கு முன்னோடிகள் பாசடீனாவில் உயிரோடு இருப்பதை அறிந்து வியந்தனர். 1952இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் இருவருக்கும் ஒருங்கே சிறப்புப் பாராட்டு வழங்கியபோது, இருவருமே எண்பது வயதைக் கடந்திருந்தனர். ஹென்றி 1954இலும் சார்லஸ் 1957இலும் காலமாயினர். தம்பி முன்னே செல்ல, தமையன் மூன்றாண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்.

வீடுகளின் பிற்கால வரலாறு, மரவேலை எவ்வளவு எளிதில் அழியக்கூடியது என்பதை உணர்த்துகிறது. கேம்பிள் குடும்பத்தார் ஒருகாலத்தில் வீட்டை விற்க எண்ணி, வாங்க வந்தவர் உட்புற மரப்பரப்பு முழுவதற்கும் வெள்ளை வண்ணம் பூசப்போவதாகக் கூறியதைக் கேட்டு அவ்வெண்ணத்தைக் கைவிட்டதாகச் சொல்லப்படுகிறது. 1966இல் அவர்கள் வீட்டைப் பாசடீனா நகரத்துக்குக் கொடையாக அளிக்க, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் அதன் பராமரிப்பில் பங்கேற்றது. கட்டடக்கலை மாணவர் இருவர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்டு அவ்வீட்டிலேயே தங்கிப் பயிலும் ஏற்பாடும் உருவாயிற்று. பிளாக்கர் வீட்டுக்கு அத்தகைய நற்பேறு உடனே வாய்க்கவில்லை. 1985இல் அதை வாங்கியவர், சார்லஸ் வடிவமைத்த விளக்குகளையும் கண்ணாடிக் கதவுகளையும் கழற்றி விற்றதால் எழுந்த எதிர்ப்பின் விளைவாக, இத்தகைய வீடுகளின் உறுப்புகளைக் கழற்றுவதைக் கட்டுப்படுத்தும் ஆணையை நகராட்சி பிறப்பித்தது. 1990களில் புதிய உரிமையாளர்கள் அவ்வீட்டைச் சீரமைத்தபோது, இழந்த விளக்குகளின் மறுபடிவங்களைக் கைவினைஞர்கள் பழைய முறைகளைக் கற்றே செய்தனர். இழப்பே ஒரு தலைமுறைக்குப் பயிற்சிக்களமாயிற்று.

தச்சுத்தொழிலில் ஒரு மூத்த உடன்பிறப்பை நினைவுகூர்வது என்பது அவருடைய திறமையைப் புகழ்வதோடு முடிவதன்று. சார்லஸ் கிரீனின் மரப்பற்று ஹென்றியின் அளவையிலும் பீட்டர் ஹாலின் பொறுப்பிலும் ஜான் ஹாலின் கைத்திறனிலும் இறங்கியதால்தான் ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. அந்த மூவரும் இல்லாதிருந்தால் அது ஓவியத்தாள்களோடும் நிறைவேறாத கனவுகளோடும் நின்றிருக்கும். அதேபோல், அந்த மூவரின் ஒழுங்கும் உழைப்பும், மரத்தை இவ்வளவு நேசித்த ஒருவர் தளராமல் கேட்டுக்கொண்டே இராவிட்டால், நல்ல வீடுகளைக் கட்டியிருக்குமேயன்றிப் பெருவீடுகளைக் கட்டியிருக்காது. ஆதலால், முத்திரையில் உள்ள ஒற்றைப் பெயரை மட்டும் படிக்காமல், அதைச் சுட்ட பலகையை அறுத்தவரையும் இழைத்தவரையும் கணக்கிட்டவரையும் சேர்த்தே எழுதும் வரலாறுதான் கைத்தொழிலுக்கு உரிய வரலாறு. தமிழகத்திலும் தேர் செய்த குடும்பங்கள், செட்டிநாட்டு நிலைக்கதவு செதுக்கிய குடும்பங்கள் ஆகியவற்றின் வரலாறு எழுதப்படும் நாளில், எந்தத் தமையன் எந்தத் தம்பிக்கு உளியைக் கொடுத்தார், எந்தத் தம்பி அந்தப் பட்டறையை வாழவைத்தார் என்னும் கேள்விகளோடு அது தொடங்குமானால், பெயர் தெரியாமல் நிற்கும் பல நல்ல வேலைகளுக்கு உரியவர்களைக் கண்டடைய வழி பிறக்கும்.